என் முகத்தை யாரைக் கேட்டுப் போட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில், 19 வருஷமாக நிற்கிறேன். வேலை பார்க்கிறேன் என்பதைவிட நிற்கிறேன் என்று சொல்வதுதான் எங்களுக்குப் பழக்கம். "எந்தக் கடையில நிக்கிறே?" என்றுதான் ஒருத்தரை ஒருத்தர் கேட்போம். எனக்கு வயது 46. வீடு வியாசர்பாடி.

கடைக்கு உங்கள் பேப்பர் தினமும் வரும். மதியம் சாப்பிட உட்காரும்போது அதைக் கீழே விரிப்பதற்கு முன்னால் இந்தக் கடிதப் பக்கத்தை மட்டும் படித்துவிடுவேன். ரோடு சரியில்லை, குப்பை அள்ளவில்லை, கொசு மருந்து அடிக்கவில்லை என்று எழுதுகிறார்கள். எல்லாம் நியாயம்தான், எங்கள் தெருவிலும் அதே நிலைமைதான். நான் எழுத வந்தது வேறு விஷயம், கடையில் நிற்கிற எங்களைக் கேட்காமல் எங்கள் முகத்தையும் போன் நம்பரையும் விளம்பரத்துக்குப் போடுவது பற்றி. கடிதம் கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஆடித் தள்ளுபடி நேரத்தில் எங்கள் கடையில் ரீல்ஸ் எடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னாலும் யூடியூப்காரர்கள் வந்து போவார்கள். எம்.சி. ரோட்டில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும், கூட்டத்துக்கு நடுவே கையில் மைக் வைத்துக்கொண்டு யாராவது ஒருத்தர் "வாங்க மக்களே" என்று பேசிக்கொண்டிருப்பார். அவர்கள் முதலாளியைப் பேசவைத்து எடுப்பார்கள். நாங்கள் பின்னால் சேலையை உதறிக் காட்டிக்கொண்டோ மடித்துக்கொண்டோ இருப்போம். தலை தெரியும், கை தெரியும், அவ்வளவுதான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆடியில் சின்ன முதலாளி கடைக்கென்று சொந்தமாகப் பக்கம் ஆரம்பித்தார். "யூடியூப்காரங்களுக்கு ஏன் காசு குடுக்கணும், நம்ம பொண்ணுங்களே இருக்காங்களே" என்றார். ஒரு ரவுண்டு லைட் வாங்கி வந்தார்கள். தினமும் காலையில் கடை திறந்து கூட்டம் வருவதற்குள் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒரு பெண் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு விலை சொல்ல வேண்டும். சில பெண்களுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. நைட்டி பிரிவில் ஒருத்தி நன்றாகப் பேசுவாள். பஸ்ஸில் அடையாளம் கண்டு யாரோ சிரித்தார்கள் என்று அவ்வளவு சந்தோஷமாக வந்து சொன்னாள். அவளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் விரும்பிச் செய்தாள்.

எங்கள் பிரிவில் இன்னொரு பெண் இருந்தாள். கடையில் அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். இந்தக் கடிதம் எழுத நினைத்ததும் அவளுக்குப் போன் பண்ணி, "உன் விஷயத்தைப் பேப்பருக்கு எழுதட்டுமா?" என்று கேட்டேன். ஒரு நாள் யோசித்துவிட்டு, "எழுதுங்கக்கா, ஆனா என் ஏரியா, புள்ளை பத்தி எதுவும் வேணாம்" என்றாள். அதனால் அதெல்லாம் இதில் இருக்காது. இன்னும் ஒன்றிரண்டு விவரங்களையும் அவள் சொன்னபடி மாற்றியிருக்கிறேன்.

அவள் கட்டியவனிடம் அடி வாங்கி, ஒரு நாள் விடியற்காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டவள். எங்கே வேலை பார்க்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று சொந்தக்காரர்களிடம்கூடக் கடைப் பேரைச் சொல்லாமல் வைத்திருந்தாள். எங்களில் இரண்டு பேருக்குத்தான் விஷயம் தெரியும்.

அன்றைக்கு சாஃப்ட் சில்க்கில் புது ரகம் வந்திருந்தது. மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர். சின்ன முதலாளி அவளைப் பார்த்து, "உனக்கு எடுப்பா இருக்கும், போட்டுக்கிட்டு ரெண்டு வார்த்தை பேசு" என்றார். அவள் முதலில் என்னைப் பார்த்தாள். அப்புறம் அவரிடம், "வேணாம் சார், எனக்குப் பேச வராது" என்றாள். "எல்லாரும் பேசுறாங்க, உனக்கு மட்டும் என்ன?" என்று அவர் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஆனால் அந்த மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? யூனிஃபார்ம் சேலைக்கு மேலேயே முந்தானையை விரித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வணக்கம், இந்தச் சேலை 650 ரூபாய், நம்ம ஆடி ஆஃபர்ல 499" என்றாள். குரல் நடுங்குகிறது என்று மறுபடி எடுத்தார்கள். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. நான் பக்கத்தில் நின்று சேலை மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம். சொல்லவில்லை. அது இன்னும் என்னைக் குத்திக்கொண்டே இருக்கிறது.

வீடியோ நன்றாக ஓடியது. கீழே கடைப் பேர், தெரு, எந்த மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி எப்படி வர வேண்டும் என்பது வரைக்கும் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே கமெண்ட்டுகள். முதல் பத்துப் பதினைந்து, "விலை என்ன", "கொரியர் உண்டா" என்று இருந்தன. அப்புறம் ஒருத்தன், "சேலை வேணாம், கட்டியிருக்கிறது என்ன ரேட்டு?" என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே ஏழெட்டுப் பேர் சிரித்திருந்தார்கள். எங்கள் கடைப் பக்கத்திலிருந்தும் அதற்கு ஒரு சிரிக்கிற பொம்மை போட்டிருந்தது. யார் போட்டது என்று கேட்டதற்கு, "கமெண்ட்டுக்கெல்லாம் பதில் போட்டாத்தான்க்கா வீடியோ மேல போகும், நான் படிச்சுப் பாக்கல" என்று பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி சொன்னான். அவன் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். 20 வயதுப் பையன். ஆனால் தங்கச்சி அதைப் படித்துப் பார்த்தாள்.

ஒன்பதாவது நாள் அவள் புருஷன் வந்தான். கடைக்குள் வரவில்லை. எதிரே கரும்புச் சாறு வண்டிக்குப் பக்கத்தில் நின்று எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவனை அடையாளம் தெரியாது. தங்கச்சி கையில் உதறிய சேலையோடு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். ரேக்குக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே, "அக்கா, அவன்தான்க்கா" என்றாள். வாங்க வந்த அம்மா ஒன்றும் புரியாமல் பார்த்தார். நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து அவளைப் பின்பக்கம் கோடவுன் படி வழியாக இறக்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டோம். மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. பாக்கி 11 நாள் சம்பளத்தை நான்தான் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்த வீடியோவையாவது எடுத்துவிடுங்கள் என்று சின்ன முதலாளியிடம் இரண்டு தடவை கேட்டேன். "நல்லா ஓடுற வீடியோக்கா, தூக்கினா பேஜுக்கு அடி" என்றார். இந்தக் கடிதம் எழுதும் வரை அது அப்படியேதான் இருக்கிறது.

எங்கள் முதலாளி கெட்டவர் இல்லை. என் மகள் காலேஜ் ஃபீஸ் கட்ட 20,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தவர். வியாபாரமும் முன்னைப் போல் இல்லை, தி.நகரில் பெரிய கடைகள் நடிகைகளை வைத்து விளம்பரம் எடுக்கும்போது சின்னக் கடைகள் என்ன செய்யும் என்றும் தெரிகிறது. ஆனால் அந்த நடிகைக்கு ஒப்பந்தம் உண்டு. எத்தனை நாளைக்கு, டிவியிலா போஸ்டரிலா, எவ்வளவு பணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் வருவார். தங்கச்சிக்கு ஒரு கப் டீகூட கூடுதலாக வரவில்லை.

என் கதைக்கும் வருகிறேன். அது இவ்வளவு பெரியது இல்லை. வீடியோ கால் பண்ணிச் சேலை பார்க்கலாம் என்று ஒரு ஏற்பாடு தொடங்கினார்கள். அதற்குக் கடை போன் நம்பர் போடாமல், சீனியர் என்று என்னுடைய சொந்த நம்பரைப் போட்டுவிட்டார்கள். வீடியோ வந்த பிறகுதான் எனக்கே தெரியும். எங்கள் கடையில் காலையில் உள்ளே நுழைந்ததும் போனை ஒரு பெட்டியில் போட்டுவிட வேண்டும், ராத்திரி போகும்போதுதான் எடுக்கலாம். அதனால் கூப்பிடுகிறவர்கள் ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் கூப்பிடுவார்கள். முக்கால்வாசிப் பேர் நல்ல மாதிரி, பெண்கள்தான். ராத்திரி 11 மணிக்கு மேல் வீடியோ காலில் வந்தவர்களைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரு நாள் அப்படி வந்த காலை என் மகள் எடுத்துவிட்டாள். மறுநாளே நம்பரை மாற்றிவிட்டேன். 14 வருஷமாக வைத்திருந்த நம்பர். கேஸுக்கு, ரேஷனுக்கு, பேங்குக்கு, ஆதாருக்கு எல்லாவற்றுக்கும் அதைத்தான் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு இடமாகப் போய் மாற்றுவதற்கு நான்கு நாள் லீவு, நான்கு நாள் சம்பளம் போனது.

என் மகள் சட்டம் படிக்கிறாள். எந்தக் கல்லூரி என்று எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ராத்திரி நான் காலை நீட்டி உட்காரும்போது அவள் பாடத்தைச் சத்தமாகப் படிப்பாள். இந்த விஷயம் நடந்த பிறகு நான் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். அவளும் தேடித் தேடிச் சொன்னாள்.

முதலில் அவள் சொன்னது ஆட்டோ சங்கர் வழக்கு. எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. நான் ஸ்கூல் படிக்கும்போது ஆட்டோ சங்கர் பேரைச் சொல்லித்தான் பிள்ளைகளைப் பயமுறுத்துவார்கள். அந்தக் கொலைகாரனுக்கும் எங்கள் ரீல்ஸுக்கும் என்ன சம்பந்தம்? ஜெயிலில் இருந்தபோது அவன் எழுதிய வாழ்க்கைக் கதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடப் போனது, அதைத் தடுக்கப் பார்த்தார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1994 அக்டோபரில் தீர்ப்பு. அரசு முன்கூட்டியே தடுக்க முடியாது, பொது ஆவணங்களில் உள்ளதைப் பத்திரிகை வெளியிடலாம் என்றது நீதிமன்றம். கூடவே, ஒரு மனிதரை அவர் பாட்டுக்கு இருக்க விட வேண்டும், அது அவருடைய உரிமை என்றும் சொன்னது. அந்த உரிமை எப்படியெல்லாம் மீறப்படும் என்பதற்குத் தீர்ப்பில் கொடுத்த உதாரணங்களில் ஒன்று, ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது. நம் ஊரில் கிளம்பிய வழக்கு. 30 வருஷத்துக்கு மேலாகிறது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அப்புறம் ரஜினிகாந்த் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், தன் பெயரை வைத்து ஒரு இந்திப் படம் வருவதை 2015ல் நிறுத்தினார். அமிதாப் பச்சன் 2022ல் தில்லி உயர் நீதிமன்றத்தில் தன் குரலையும் முகத்தையும் யாரும் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு வாங்கினார். அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவர்கள் முகம் ஊர் முழுக்கத் தெரிந்த முகம். தங்கச்சி முகம் யாருக்கும் தெரியக் கூடாது என்று ஒளித்து வைத்திருந்த முகம். இரண்டில் எதற்குப் பாதுகாப்பு அவசரமாக வேண்டும்?

2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பு சொன்னார்கள். புட்டசாமி என்ற ஓய்வு பெற்ற நீதிபதி ஆதாரை எதிர்த்துப் போட்ட வழக்கு அது. ஆனால் அரசாங்கத்தை எதிர்த்து நிற்பதற்குத்தான் அடிப்படை உரிமை முதலில் உதவும், ஜவுளிக்கடை முதலாளியிடம் போய் நிற்பதற்குத் தனியாக ஒரு சட்டம் வேண்டும் என்றாள் மகள். அந்தச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தரவு என்றால் நம் பெயர், நம்பர், படம் போன்ற விவரங்கள். விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமான பிரிவுகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். கணக்குப் பார்த்தால் 2027 மே. அதற்குள் இன்னொரு ஆடி வந்து போய்விடும்.

அந்தச் சட்டத்தில் எங்களுக்கு நல்லது இல்லாமல் இல்லை. சம்மதம் என்றால் கட்டாயம் இல்லாமல், எதற்கென்று தெரிந்து கொடுத்ததாக இருக்க வேண்டும். எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லும் அறிவிப்பை நாம் கேட்டால் தமிழிலேயே கொடுக்க வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், கொடுத்தது எவ்வளவு சுலபமோ வாங்கிக்கொள்வதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். இதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சின்ன முதலாளியிடம் கேட்டது இதைத்தானே?

ஆனால் அடுத்தடுத்த பிரிவுகளைப் படிக்கப் படிக்க மகளுக்கே குரல் இறங்கிவிட்டது. வேலை தொடர்பான காரணங்களுக்காகவும், முதலாளிக்கு நஷ்டம் வராமல் தடுப்பதற்காகவும் என்றால் ஊழியரிடம் சம்மதம் வாங்கத் தேவையில்லை என்று 7ஆவது பிரிவில் இருக்கிறது. தொழில் ரகசியத்தைக் காப்பது போன்றவற்றை உதாரணமாகச் சொல்கிறார்கள். சரி, சம்பளம் போட என் பேங்க் கணக்கு எண் வேண்டும், பி.எஃப். பிடிக்க ஆதார் வேண்டும். அதற்கெல்லாம் ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாதுதான். ஆனால் "வேலை தொடர்பான" என்ற வார்த்தைக்கு எல்லை எது என்று சட்டத்தில் சொல்லவில்லை. சேலை விற்பதுதானே உன் வேலை, ரீல்ஸும் சேலை விற்கத்தானே என்று நாளைக்கு ஒரு முதலாளி கேட்டால்? நான் கடைக்கு விற்றது என் நிற்கும் நேரத்தை, என் கையை, 200 ரகத்தில் எது யாருக்குப் பொருந்தும் என்று தெரிந்த என் அனுபவத்தை. முகத்தை ஊருக்குக் காட்டுவது அந்தச் சம்பளக் கணக்கில் எங்கேயும் இல்லை.

அப்புறம் அபராதம். பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாமாம். அது பாதிக்கப்பட்டவருக்கு வராது, இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு, தகவலைக் காப்பாற்றத் தவறிய நிறுவனத்திடம் நஷ்ட ஈடு கேட்க ஒரு வழி வைத்திருந்தது. புதுச் சட்டம் அந்தப் பிரிவை எடுத்துவிடுகிறது. தங்கச்சிக்கு வேலை போனதற்கும், எனக்கு நான்கு நாள் சம்பளம் போனதற்கும் இந்தச் சட்டத்தில் ஒரு ரூபாய் கிடையாது. புகார் கொடுக்க வேண்டுமானால் முதலில் அந்த நிறுவனத்திடமே முறையிட வேண்டும், அங்கே தீரவில்லை என்றால்தான் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போகலாம். அதாவது நாங்கள் முதலில் போய் நிற்க வேண்டியது சின்ன முதலாளி முன்னால்தான். புகார் பொய்யானது, வீணானது என்று வாரியம் நினைத்தால் புகார் கொடுத்தவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். என் சம்பளம் 14,500. இதைக் கேட்ட பிறகு எங்கள் கடைப் பெண்களில் யார் மனு எழுதுவார்கள்?

போன் விஷயமும் ஒன்று இருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் மூன்று வாரம் லீவே கிடையாது என்று சொன்னார்கள். நாங்கள் 11 பேர் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம், அதில் ஒருத்தி வயிற்றெரிச்சலில் மேனேஜரைப் பற்றி நாலு வார்த்தை எழுதினாள். கெட்ட வார்த்தை இல்லை. "அவர் வீட்டுப் பொம்பளைங்க இப்படி நிப்பாங்களா?" என்று கேட்டிருந்தாள். எப்படியோ அது அவர் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் பெட்டியில் போட்ட போன்களை வெளியே எடுத்து, ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, "லாக் எடு" என்றார். நானும் எடுத்துக் கொடுத்தேன். அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தபோது அந்தக் குரூப் மட்டுமா தெரிந்தது? என் அக்காவோடு பேசியது, டாக்டரிடம் காட்டிய ரிப்போர்ட், மகளுக்கு வரன் வந்த விஷயம் எல்லாம் அவர் கண் முன்னால் ஓடியது. ஒரு இடத்தில் நிறுத்திப் படிக்கவும் செய்தார். நான் மேஜை ஓரத்தில் நின்று என் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதியவளை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள்.

என் தாத்தா பெரம்பூர் பின்னி மில்லில் இருந்தவர். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது வாசலில் மடியைத் தட்டிப் பார்ப்பார்கள் என்று சொல்வார். நூல் ஏதாவது எடுத்துப் போகிறோமா என்று பார்ப்பதற்காம். மடியைத் தட்டினால் நூல் இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் தெரியும். போனைத் திறந்தால் ஒரு குடும்பமே தெரியும்.

மகள் இதற்கும் ஒரு தீர்ப்பைக் காட்டினாள். 2023ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. ஒரு கிராம வங்கி ஊழியர் வாட்ஸ்அப் குரூப்பில் மேலதிகாரிகளைக் கிண்டல் செய்து போட்டதற்காக அவர் மேல் குற்றச்சாட்டு மெமோ கொடுத்திருந்தார்கள். நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ரத்து செய்தார். வேலை செய்கிற யாருக்கும் நிர்வாகத்தின் மேல் ஏதாவது ஒரு மனக்குறை இருக்கும், அதைக் கொட்டித் தீர்க்க இடம் வேண்டும், வீட்டுக்குள் நண்பர்களோடு பேசுவது எப்படிக் குற்றமில்லையோ அப்படித்தான் நாலு பேர் மட்டும் உள்ள குரூப்பில் பேசுவதும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். குரூப்புக்கும் அந்தரங்கம் உண்டு என்று அதில் சொல்லியிருக்கிறார்.

வெளிநாட்டுக் கதை ஒன்றும் சொன்னாள். ருமேனியாவில் சேல்ஸ் வேலையில் இருந்த ஒருத்தர் ஆபீஸுக்காகத் திறந்த யாஹூ மெசஞ்சரில் தம்பியோடும் கட்டிக்கப் போகிற பெண்ணோடும் பேசினார் என்று 2007ல் வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து, 2017 செப்டம்பரில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. கண்காணிப்போம், எந்த அளவுக்குப் பார்ப்போம் என்று முன்கூட்டியே அவருக்குச் சொன்னார்களா என்பதை அந்த நாட்டு நீதிமன்றங்கள் பார்க்கவே இல்லை என்றது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 2012லேயே, முதலாளி ஊழியரின் சமூக வலைதளப் பாஸ்வேர்டைக் கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. எங்களிடம் பாஸ்வேர்டு கேட்கவே தேவையில்லை. "லாக் எடு" என்ற ஒரு வார்த்தை போதும்.

எங்கள் கடையில் இதையெல்லாம் பேசினால், "சட்டம் பேசுறியா, அப்ப வீட்டுலயே இரு" என்பார்கள். அதனால் சட்டத்தை எங்கள் வாயால் சொல்ல வைக்காமல், அரசாங்கமே கடைக்குள் வந்து சொல்ல வேண்டும் என்று கேட்கிறேன். அப்படி நடந்திருக்கிறது. 2021ல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, வேலை பார்க்கிறவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்றார்கள். அதற்கு முன்னால் கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் போராடித்தான் 2018ல் அங்கே அந்த உரிமை கிடைத்தது. எங்கள் கடையில் சேலைப் பிரிவில் எட்டுப் பேருக்கு இரண்டு ஸ்டூல் வந்தது. இரண்டுதானா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு மூட்டு வலி. அந்த ஸ்டூலில் மதியம் பத்து நிமிஷம் உட்காரும்போது அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். லேபர் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார் என்ற பயம் இருந்ததால்தான் அந்த இரண்டும் வந்தன.

அதே கடைகள் சட்டத்தில் இதையும் சேர்க்க முடியாதா? ஊழியரை வீடியோ எடுத்து விளம்பரத்துக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு பக்கத் தாளில் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். மாட்டேன் என்றால் வேலையில் கை வைக்கக் கூடாது. வேலையை விட்டுப் போனவர் எடுக்கச் சொன்னால் ஒரு வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். சொந்தப் போன் நம்பரை வெளியில் போடவே கூடாது, கடைக்கென்று ஒரு சிம் வாங்க எவ்வளவு ஆகும்? போனைத் திறந்து காட்டச் சொல்வதை மொத்தமாகத் தடுக்க வேண்டும். திருட்டுச் சந்தேகம் என்றால் போலீஸ் இருக்கிறது, அதற்கென்று முறை இருக்கிறது. இதற்கெல்லாம் 2027 மே வரை காத்திருக்கத் தேவையில்லை. தொழிலாளர் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே பாதிக் கடைகள் யோசிக்கும். அதை மினிமம் வேஜ் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொன்னால் நாங்கள் தினமும் பார்ப்போம்.

இன்னொன்று. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் பெண்களின் பாலியல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013லிருந்து சட்டம். வேலை இடத்துக்கு வந்து போகிற வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்பு கொடுக்க வேண்டியது முதலாளி பொறுப்பு என்று அதிலேயே இருக்கிறது. கடைப் பக்கத்தில் வந்து "என்ன ரேட்டு" என்று கேட்கிறவன் வெளியாள் இல்லையா? எங்கள் கடையில் மொத்தம் 40 பேர். அப்படி ஒரு குழு இருப்பதாக 19 வருஷத்தில் நான் கேள்விப்பட்டதில்லை.

தாத்தா பேச்சை எடுத்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27ஆம் தேதி எங்கள் பெரம்பூர்ப் பக்கம்தான் பிறந்தது. மில் தொழிலாளிகளின் கஷ்டத்தை, பிறகு அந்தச் சங்கத்துக்குத் தலைவரான பி.பி. வாடியாவிடம் கொண்டுபோய்ச் சொன்னவர்கள் செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற இரண்டு பேர். திரு.வி.க. கூட நின்றார். அவர்கள் முதலில் சொன்ன குறைகளில் ஒன்று, மதியம் சாப்பிட நேரம் போதவில்லை, அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது என்பது. அந்த மில் 1996ல் மூடிவிட்டது. எங்கள் தெருவில் சேலைக்கடை, நகைக்கடை, செருப்புக்கடை என்று நிற்கிற பெண்களுக்கு இன்றைக்குச் சங்கம் என்று எதுவும் இல்லை. போனில் 11 பேர் வைத்திருந்த குரூப்தான் எங்கள் சங்கம். அதையும் மேனேஜர் கண் முன்னால் ஒவ்வொருத்தியாக வெளியேறிவிட்டோம்.

தங்கச்சி இப்போது வேறு இடத்தில் நிற்கிறாள். எந்த இடம் என்று என்னிடமும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போனில் பேசும்போது, "அந்த வீடியோ இன்னும் இருக்காக்கா?" என்று கேட்பாள். இருக்கிறது என்று சொல்ல மனசு வராமல் பேச்சை மாற்றிவிடுவேன்.

என் பெயரும் முகவரியும் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அது உங்கள் சரிபார்ப்புக்கு மட்டும், தயவுசெய்து வெளியிட வேண்டாம். கடைப் பேரை உங்களிடமும் சொல்லவில்லை, மன்னியுங்கள், எனக்கு இன்னும் அங்கேதான் வேலை. கடிதத்தோடு படம் போடுவதாக இருந்தால் தெருவைப் போடுங்கள், அடுக்கி வைத்த சேலைகளைப் போடுங்கள். கடைக்குள் நிற்கும் பெண்கள் யாரும் அதில் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடை ஊழியர்,
சென்னை